கணக்கியல் பட்டத்தோடு எந்த நிதிப் பிரிவு? பி.காம். மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு பனியன் கம்பெனியின் ஃபைனல் அக்கவுண்ட்ஸ் முடித்து, பேலன்ஸ் ஷீட் டேலி ஆன நிம்மதியோடு முதலாளியிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அவர் லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "லாபம் பதினெட்டு லட்சம்னு போட்டிருக்கறீங்க தம்பி. சனிக்கெழம சம்பளத்துக்குப் பணம் இல்லீங்களே. அந்தப் பதினெட்டு லட்சம் எங்கீங்க போச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. போட்ட என்ட்ரி எல்லாம் சரி, தொகையும் சரி. ஆனால் அவர் கேட்டது வேறு கேள்வி. அன்று சாயங்காலம் ஆடிட்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதிக் காட்டினார். லாபம் 18 லட்சம். தேய்மானம் 6 லட்சம் வெறும் புத்தகச் செலவு, கையை விட்டுப் போகாத பணம். அதைக் கூட்டினால் 24. பார்ட்டிகளிடம் வர வேண்டிய பாக்கி போன வருடத்தைவிட 11 லட்சம் கூடியிருந்தது. நூல் ஸ்டாக்கில் 7 லட்சம் முடங்கியிருந்தது. டெர்ம் லோன் அசலுக்கு 8 லட்சம் கட்டியிருந்தார். அது லாப நட்டக் கணக்குக்குள் வரவே வராது. ஆக 26 லட்சம் வெளியே. வந்ததைவிட 2 லட்சம் கூடுதலாகப் போயிருக்கிறது.

அந்தத் தாளில் இருந்த எல்லா எண்ணும் நான் போட்ட கணக்கிலேயே இருந்தவைதான். அவற்றை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் என்னிடம் இல்லை. கணக்கியல் படித்தவர் நிதியையும் சேர்த்துப் படிப்பது இந்தப் பழக்கத்துக்காகத்தான். எனவே எந்தக் கிளையை எடுப்பது என்பதை, யாருடைய பணத்தைப் பற்றிய எந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல விரும்புகிறீர்கள் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்பெஷலைசேஷனின் பெயரையும் கல்லூரி விளம்பரத்தில் போடும் சம்பளத்தையும் அதற்கு அடுத்த இடத்தில் வையுங்கள். பி.காம். கடைசி ஆண்டில் இருப்பவர்களையும், முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். காஸ்ட் அக்கவுண்டிங், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், இன்கம் டாக்ஸ், ஆடிட்டிங் ஆகிய பேப்பர்களுக்கு எதிரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: பரீட்சை இல்லையென்றாலும் இந்தக் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பேனா? மார்க்கை அதிகம் நம்ப வேண்டாம். கடைசி வாரம் நெட்டுருப் போட்டு 85 வாங்கிய பேப்பரைவிட, 62 மட்டுமே வாங்கினாலும் வகுப்பு முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்த பேப்பர் உங்களைப் பற்றிச் சரியாகச் சொல்லும்.

அப்படியே பிளஸ் டூவுக்கும் போங்கள். காமர்ஸ் குரூப் என்றால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொது. நான்காவதாக வணிகக் கணிதம் எடுத்தீர்களா, கணினிப் பயன்பாடுகள் எடுத்தீர்களா? இதைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் முக்கியம். முதலீடு, ரிஸ்க் ஆகிய இரண்டு கிளைகளிலும் புள்ளியியல் இல்லாமல் ஓரடிகூட வைக்க முடியாது. நிகழ்தகவு, திட்ட விலக்கம், ஒட்டுறவு எல்லாம் அங்கே அன்றாடச் சொற்கள். கணிதம் எடுக்காதவர்கள் இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டுறவு, நிகழ்தகவுப் பரவல், ஆண்டுத் தவணைத் தொகை, பங்குகளும் கடன் பத்திரங்களும் என்று நிதிக்கு வேண்டிய அடித்தளம் அவற்றில் இருக்கிறது. மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். காசு கட்டிச் சேரும் எந்த கோர்ஸுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

படித்ததையே திரும்பக் காசு கொடுத்துப் படிக்காமல் இருப்பதும் இந்தப் படியில் அடங்கும். பி.காம். அக்கவுண்டிங் அண்டு ஃபைனான்ஸ் முடித்தவர் எம்.பி.ஏ. ஃபைனான்ஸில் சேர்ந்தால், முதல் ஆண்டின் கணிசமான பகுதி அவருக்குத் தெரிந்த பாடமாகவே இருக்கும். பி.காம். பேங்க் மேனேஜ்மென்ட் படித்தவருக்கு வங்கிப் பாடங்களும் அப்படித்தான். உங்கள் பட்டத்தில் எது இல்லையோ அதைத்தான் தேட வேண்டும்.

இரண்டாம் படி: கிளைகளை வேலையாகப் பாருங்கள்

கம்பெனி நிதியிலிருந்து தொடங்குகிறேன். பனியன் கம்பெனி முதலாளி கேட்ட கேள்வி இந்தக் கிளையைச் சேர்ந்தது. அடுத்த மூன்று மாதத்தில் எந்த வாரம் பணம் வரும், எந்த வாரம் போகும், இடைவெளிக்கு ஓவர்டிராஃப்ட் போதுமா, புது மெஷின் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று கம்பெனிக்குள் உட்கார்ந்து முடிவெடுக்க உதவும் வேலை இது. ஏற்றுமதிக் கம்பெனியென்றால் அந்நியச் செலாவணியும் சேரும். ஒரு லட்சம் டாலருக்கு இன்வாய்ஸ் போட்டாகிவிட்டது, பணம் 90 நாளில் வரும். அதற்குள் டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் ஒரு லட்சம் ரூபாய் போச்சு. இன்றே வங்கியில் ஃபார்வர்டு புக் பண்ணி விலையைக் கட்டிவிடுவதா, பாதிக்கு மட்டும் கட்டிவிட்டு மீதியைத் திறந்து விடுவதா? தைத்துக் கொடுக்கும் கூலியில் பீஸுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போராடும் ஊரில், இந்த ஒரு முடிவு மொத்த ஆர்டரின் லாபத்தையும் தின்றுவிடும்.

கணக்கியல் படித்தவருக்கு இங்கே இயல்பாகவே ஒரு பலம் உண்டு. சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள், அதாவது அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இதை வரி விதியாக மட்டும் படித்தவர் மார்ச் மாதம் அதைப் பற்றிப் பேசுவார். வரியும் பண ஓட்டமும் சேர்த்துத் தெரிந்தவர் ஜனவரியிலேயே, யாருக்கு எப்போது கொடுப்பது என்று பட்டியல் போட்டு வங்கி வரம்பையும் பார்த்துவிடுவார்.

அடுத்து கடன் மதிப்பீடு. என் கருத்தில் பி.காம். மாணவர்கள் மிகக் குறைவாகக் கண்டுகொள்ளும் கிளை இதுதான், அவர்களுக்கு மிகவும் பொருந்துவதும் இதுதான். கடன் கேட்டு வருபவரின் பேலன்ஸ் ஷீட்டைப் படித்து, கொடுக்கலாமா, எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்று சொல்ல வேண்டும். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர்களுக்கு சி.எம்.ஏ. டேட்டா என்றால் தெரியும். சி.எம்.ஏ. என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வங்கிக் கடனுக்காகப் போன இரண்டு ஆண்டின் கணக்கையும் வரப்போகும் ஆண்டுகளின் மதிப்பீட்டையும் ஒரே படிவத்தில் அடுக்கித் தருவதற்கு அந்தப் பெயர். சிறு தொழில்களுக்கு, மதிப்பிட்ட விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாக, அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டுவதற்கான கடனாகத் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்ன வழிமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த 20 சதவீதத்துக்காக மதிப்பீட்டு விற்பனையை எங்கே ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது, அந்தக் கணக்கை ஒரு முறையாவது கையால் போட்டவருக்குத்தான் எளிது.

இதற்கு வேலை எங்கே என்று கேட்டால், நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டுக்கும் தலைமையகம் சென்னை. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, 1916இல் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கி, 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எல்லாம் வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தவை. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இலும், ஸ்ரீராம் 1974இலும், சோழமண்டலம் 1978இலும் தொடங்கின. லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் கொடுக்கும் தொழிலில் சென்னை பெரிய ஊர். இது வேரூன்றிய மண்ணில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலீடும் பங்குச் சந்தையும் மூன்றாவது. மியூச்சுவல் ஃபண்ட், பங்கு ஆய்வு, செல்வ மேலாண்மை எல்லாம் இதற்குள். மாணவர்களில் பாதிப் பேர் ஃபைனான்ஸ் என்றாலே இதைத்தான் நினைக்கிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மொபைலில் ஆப்ஷன் டிரேடிங் செய்வது இந்தக் கிளையில் சேர்த்தி இல்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். பங்கு ஆய்வு என்பது ஒரு கம்பெனியின் பத்து வருட ஆண்டறிக்கைகளைப் படித்து, அதன் பங்குக்கு என்ன விலை தகும் என்று எழுதி, தவறினால் எங்கே தவறினோம் என்று தேடும் பொறுமையான வேலை. ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் படிக்க அலுக்காதவர்களுக்கு இது நல்ல இடம்.

ரிஸ்க் நான்காவது. கொடுத்த கடனிலும் போட்ட முதலீட்டிலும் எவ்வளவு நஷ்டம் வரக்கூடும் என்று முன்கூட்டியே அளக்கும் வேலை. சென்னையில் இருக்கும் வெளிநாட்டு வங்கிகளின் சேவை மையங்களில் இதற்கு ஆள் தேவை உண்டு. கணிதம் பிடித்த பி.காம்.காரர்கள் இதைக் கவனிக்கலாம். இந்த் ஏ.எஸ். 109 என்ற இந்தியக் கணக்கியல் தரம் வந்த பிறகு, அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் கடன் வாராக்கடன் ஆகும்வரை காத்திருக்காமல், எதிர்பார்க்கப்படும் இழப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்க வேண்டியிருக்கிறது. கணக்கியல் தரமும் நிகழ்தகவும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் அது. இரண்டும் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

வரி பற்றிச் சுருக்கமாக. ஜி.எஸ்.டி.யும் வருமான வரியும் நல்ல தொழில்தான், ஆனால் அவை கணக்கியலின் நீட்சி. நிதியைத் துணையாகத் தேடும்போது வரியை எடுத்தால் ஒரே காலில் இன்னும் உறுதியாக நிற்கிறீர்கள், அவ்வளவே. ஃபின்டெக் என்ற பெயரில் வருபவற்றைப் பாடத்திட்டம் பார்த்துத்தான் சொல்ல முடியும். சில இடங்களில் புரோகிராமிங் உண்மையாகவே சொல்லித் தருகிறார்கள், சில இடங்களில் யு.பி.ஐ. பற்றி நான்கு யூனிட் படிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: பணம் கட்டும் முன் மூன்று வார இறுதிகள்

கிளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதைவிட அந்த வேலையில் ஒரு சின்னத் துண்டைச் செய்து பார்ப்பது மேல்.

முதல் வாரம், கம்பெனி நிதி. இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு மெஷின் 10 லட்சம். ஐந்து வருடம் உழைக்கும், பிறகு விலை போகாது. வருடம் 3 லட்சம் ரொக்கம் மிச்சமாகும். கணக்கியல் பார்வையில் வருடம் 2 லட்சம் தேய்மானம் போக 1 லட்சம் லாபம். ஐந்து வருடத்தில் 5 லட்சம். நல்ல மெஷின்தானே? இப்போது பணத்தின் விலையை உள்ளே கொண்டுவாருங்கள். 12 சதவீத வட்டியில் அந்த ஐந்து வருட வரவின் இன்றைய மதிப்பு சுமார் 10.81 லட்சம், வாங்கலாம். 16 சதவீதத்தில் அதுவே சுமார் 9.82 லட்சம், போட்ட 10 லட்சமே திரும்பவில்லை. மெஷின் அதே மெஷின், லாபமும் அதே 5 லட்சம். வங்கிக் கடனில் வாங்குபவருக்குச் சரியாக வருவது, தனியாரிடம் கூடுதல் வட்டிக்கு வாங்குபவருக்கு நஷ்டமாகிறது. எக்ஸெலில் இதைப் போட்டுவிட்டு வட்டி விகிதத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் முடிவு திரும்புகிறது என்று தேடத் தோன்றினால் இந்தக் கிளை உங்களுக்கு ஒத்துவரும். (15 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதும் திரும்பும்.)

இரண்டாம் வாரம், கடன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, உங்கள் மாவட்டத்து நூற்பாலையோ சர்க்கரை ஆலையோ ஒன்றின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். லாப நட்டக் கணக்கை மூடி வைத்துவிட்டு, ரொக்க ஓட்ட அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். தொழிலிலிருந்து வந்த பணம் வட்டிக்கும் அசல் தவணைக்கும் போதுமா? வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா? நீங்கள் வங்கி மேனேஜர் என்றால் இவர்களுக்கு இன்னும் 5 கோடி தருவீர்களா? ஒரே பக்கத்தில் காரணத்தோடு எழுதுங்கள்.

மூன்றாம் வாரம், முதலீடு. அதே கம்பெனியின் பங்கை இன்றைய விலையில் வாங்கலாமா என்று இரண்டு பக்கம் எழுதி, தேதி போட்டு உள்ளே வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள். விலை ஏறியதா என்பது இரண்டாம் பட்சம். நீங்கள் சொன்ன காரணம் நடந்ததா என்று பாருங்கள்.

மூன்றில் எதைச் செய்யும்போது சாப்பாட்டு நேரம் தெரியாமல் போனதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கிளைக்கு ஏற்ற வாசல்

கம்பெனி நிதிதான் என்று முடிவானால், சி.ஏ.வும் சி.எம்.ஏ.வும் இன்னும் வலுவான வழிகள். 55 சதவீத மதிப்பெண் பெற்ற வணிகவியல் பட்டதாரி ஃபவுண்டேஷன் எழுதாமலேயே சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம், புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற நடைமுறைப் பயிற்சி இரண்டு ஆண்டு. இன்டரில் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்டும் ஃபைனலில் அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்டும் இருப்பதால் நிதிக்குத் தனியாக ஓட வேண்டியதில்லை. சி.எம்.ஏ. ஃபைனலில் விருப்பப் பாடம் உண்டு: தொழில் மதிப்பீட்டுப் பக்கம் போகலாம், வங்கி-காப்பீட்டு ரிஸ்க் பக்கமும் போகலாம். பிரிட்டன் அமைப்பு நடத்தும் கணக்கியல் படிப்பான ஏ.சி.சி.ஏ. படிப்பவர்கள் கடைசிக் கட்டத்தின் நான்கு விருப்பப் பாடங்களில் இரண்டை எடுக்க வேண்டும். அவற்றில் அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் ஒன்று.

கடன் பக்கம் போகிறவர்களுக்குப் பட்டயத்தைவிட வேலையில் சேர்வதுதான் வாசல். வங்கியாளர்களுக்கான கல்வி அமைப்பான ஐ.ஐ.பி.எஃப். நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை வங்கி ஊழியர்தான் எழுத முடியும். அதனால் முதலில் வங்கித் தேர்வோ, கடன் நிறுவனமோ, சி.எம்.ஏ. டேட்டா அதிகம் தயாரிக்கும் ஆடிட்டர் ஆபீஸோ. அந்த ஆபீஸில் ஒரு வருடம் இருந்தால் முப்பது நாற்பது தொழில்களின் உள்பக்கம் தெரிந்துவிடும்.

முதலீட்டுக்கு என்.ஐ.எஸ்.எம். தேர்வில் தொடங்குங்கள். செபி 2006இல் நிறுவிய அமைப்பு அது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வான 5-ஏ-வில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, நெகட்டிவ் மார்க் கிடையாது, சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். குறைந்த செலவில் இந்தத் துறை பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகுதான் சி.எஃப்.ஏ. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசப் பட்டயம் அது, மூன்று நிலைத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறது அதை நடத்தும் நிறுவனமே. தேர்வுகளைத் தாண்டி, குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரத் தொடர்புள்ள பணி அனுபவமும் வேண்டும். கட்டணம் டாலரில். அப்பா வாங்கும் கடனில் இதைக் கட்டுகிறீர்கள் என்றால், முதல் நிலைக்குப் பதிவு செய்யும் முன் முந்தைய படியின் மூன்று வாரத்தையும் கட்டாயம் முடித்திருங்கள். ரிஸ்க்குக்கு எஃப்.ஆர்.எம். (ஃபைனான்ஷியல் ரிஸ்க் மேனேஜர்) தேர்வு: இரண்டு பாகம், தலா நான்கு மணி நேரம், முதலாவதில் 100 கேள்வி, இரண்டாவதில் 80. இரண்டு ஆண்டு அனுபவமும் தேவை.

எம்.பி.ஏ. என்றால் கல்லூரியைப் பொறுத்து எல்லாமே மாறும். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் இடமோ வேறு இடமோ, நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு நிதி எலெக்டிவ்களில் போன ஆண்டு உண்மையில் நடந்தவை எவை? ஏனென்றால் பட்டியலில் பன்னிரண்டு இருக்கும். போதிய மாணவர்கள் சேராததால் நான்குதான் நடந்திருக்கும். நடத்தியவர் யார், அந்த வேலையை ஒரு காலத்தில் செய்தவரா? இன்டர்ன்ஷிப்புக்குப் போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? போன பேட்ச் மாணவர் ஒருவரிடம் கேன்டீனில் உட்கார்ந்து பேசினால் மூன்றுக்கும் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். அலுவலகத்தில் கேட்பதைவிட அது நம்பகமானது.

ஐந்தாம் படி: படிவம் நிரப்பும் நாள்

இரண்டு எலெக்டிவ் எடுக்கச் சொன்னால் ஒரே கிளையில் இரண்டையும் எடுக்காதீர்கள் என்பது என் ஆலோசனை. ஒன்று உங்களுக்குப் பிடித்த கிளையிலிருந்து, இன்னொன்று அதன் எதிர்ப்பக்கத்திலிருந்து. கம்பெனிக்காகக் கடன் கேட்கப் போகிறவர், கடன் கொடுப்பவர் எப்படிப் பார்ப்பார் என்று படித்திருக்க வேண்டும். பங்கு ஆய்வுக்குப் போகிறவர் ரிஸ்க்கைப் படித்திருக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டையும் வாசித்துவிட்டே டிக் செய்யுங்கள். வெறும் வரையறைகளும் வகைகளுமாக இருந்து, கணக்கே இல்லாத பேப்பர் என்றால் விட்டுவிடுங்கள். வரையறையைப் புத்தகத்தில் நீங்களே படித்துக்கொள்ளலாம், கணக்குக்குத்தான் பக்கத்தில் ஆசிரியர் வேண்டும்.

கடைசி நாள்வரை முடிவு வரவில்லையென்றால் கம்பெனி நிதியை முதலாவதாகவும் கடன் மதிப்பீட்டை இரண்டாவதாகவும் எழுதுங்கள். இரண்டுமே நீங்கள் ஏற்கெனவே படித்த பேலன்ஸ் ஷீட்டில்தான் தொடங்குகின்றன, இரண்டுக்கும் உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது, இரண்டிலிருந்தும் பிற்பாடு முதலீட்டுக்கோ ரிஸ்க்குக்கோ மாறிப் போகலாம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கே, தெரிந்த கடைக்காரரோ உறவினரோ ஒருவரிடம் அவருடைய போன இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில் லாபத்திலிருந்து தொடங்கி, பணம் எங்கெல்லாம் போனது என்று எழுதி அவரிடமே காட்டுங்கள்.